விலகுதலும் விலக்குதலும்: இராட்டின இயற்பியலைச் சிறார்க்குக் கற்பிக்கும் தமிழ் – கடலூர், சிதம்பரம் சூழலை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

திருவிழா மைதானங்களில் சுழலும் இராட்டினமும் ஆடும் ஊஞ்சலும் சிறார்க்கு இயற்பியலின் முதல் அனுபவங்கள். அவ்வனுபவத்தை விளக்கப் பள்ளிப் பாடநூல்கள் பயன்படுத்தும் கலைச்சொற்களுள் ‘மையவிலக்கு விசை’ என்பது இலக்கண அமைப்பிலேயே ஒரு பிழையான புரிதலுக்கு இடமளிக்கின்றது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகின்றது. தன்வினை, பிறவினை வேறுபாடு, இலங்கைத் தமிழ்ப் பாடநூல் வழக்கு, சிதம்பரத்தோடு தொடர்புடைய ஊசல் இலக்கியம், தேரோட்டம் ஆகியவை இதற்குத் துணைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஊசல், உந்தம், மையவிலக்கு, தன்வினை, பிறவினை, அறிவியல் தமிழ், சிறார் கல்வி.

முன்னுரை

கடலூர் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில் மாசிமகத் தீர்த்தவாரி நடைபெறும் நாளிலும், சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை விழாக்களின்போதும் குழந்தைகளின் கண் முதலில் தேடுவது இராட்டினத்தையே. குடை இராட்டினம், இராட்சத இராட்டினம், மக்கள் ‘கொலம்பஸ்’ என்றே பெயரிட்டு அழைக்கும் கப்பல் ஊஞ்சல், மரணக்கிணறு ஆகியவை தமிழ்நாட்டுத் திருவிழாத் திடல்களில் சில நாள்களுக்கு எழுந்து பின்னர் மறைவன. இவற்றில் ஏறி இறங்கிய குழந்தை, வயிறு கவ்வியதையும் உடல் கனத்ததையும் யாரோ வெளியே தள்ளுவதுபோல் இருந்ததையும் தெளிவாகச் சொல்லும். ஆனால் அக்குழந்தையே வகுப்பறையில் ‘வட்ட இயக்கம்’ பற்றி எழுதும்போது இந்த அனுபவத்திற்கு அங்கு இடமிருப்பதில்லை. நூலில் கட்டிய கல்லும் கரும்பலகையில் வரைந்த வட்டமும் மட்டுமே விடைத்தாளில் எஞ்சுகின்றன.

இந்த இடைவெளிக்குக் கருவிப் பற்றாக்குறையும் ஆசிரியர்களின் வேலைப்பளுவும் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. அவை உண்மையே. எனினும் மொழி சார்ந்த ஒரு காரணமும் உண்டு. அறிவியல் தமிழ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்க வரலாறு, சொற்பட்டியல், வடசொல் நீக்கம் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. ஒரு கலைச்சொல்லைக் கேட்கும் சிறுவனின் மனத்தில் அதன் இலக்கணம் எத்தகைய உலகைக் கட்டமைக்கின்றது என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

ஊசல்: ஒரு சொல்லின் இரு வாழ்க்கை

மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் இடம்பெறும் திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல் ஆகியவை தில்லையில் அருளப்பட்டவை என்பது மரபு. இவை மகளிர் விளையாட்டை வடிவமாகக் கொண்டவை. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் கந்துகவரியோடு ஊசல்வரியும் உண்டு. பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஊசல் ஒரு பருவம். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர் ஒரு பருவம். ஆக, ஆடுவதும் உருட்டுவதும் தமிழிலக்கியத்தில் சிறார்க்குரிய செயல்களாக நெடுங்காலம் போற்றப்பட்டுள்ளன.

திருப்பொன்னூசலின் தொடக்கம் ஊஞ்சலின் உறுப்புகளைக் கூறுகின்றது: பவளத்தால் ஆன கால்கள், முத்தால் ஆன கயிறு, பொன்னால் ஆன பலகை. அணியை நீக்கிப் பார்த்தால் எஞ்சுபவை தாங்கும் கால், தொங்கும் கயிறு, அமரும் பலகை. பள்ளி ஆய்வகத்தில் ‘தனி ஊசல்’ என்ற பெயரில் வரையப்படும் படத்தின் உறுப்புகளும் இவையே. சொல்லும் அதுவே. ஆயினும் பாடநூலில் ஊசல் என்றவுடன் மாணவர் மனத்தில் தோன்றுவது நூலில் தொங்கும் உலோகக் குண்டு. தான் அமர்ந்து ஆடிய ஊஞ்சலும் அக்குண்டும் ஒன்றே என்பதை அவருக்குச் சொல்வார் அரியர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. மணிவாசகர் அலைவுக்காலத்தை அறிந்திருந்தார் என்று வாதிடுவது ஆய்வாகாது. பாடலின் நோக்கம் வேறு. அது பாதுகாத்துத் தந்திருப்பது ஒரு சொல்லையும், அச்சொல்லோடு பிணைந்த உடலனுபவத்தையும். கற்பித்தலுக்கு அது போதும். 2 மீட்டர் நீளக் கயிற்றில் தொங்கும் ஊஞ்சல், வீச்சு சிறிதாக இருக்கையில், ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2.8 நொடி எடுத்துக்கொள்ளும். பத்து முறைக்கு 28 நொடி. அதில் அமர்வது ஐந்து வயதுக் குழந்தையாயினும் பள்ளித் தலைமையாசிரியராயினும் இக்கணக்கு பெரிதும் மாறாது. நிறை கூடினால் வேகம் கூடும் என்று எதிர்பார்க்கும் சிறார்க்கு இது வியப்பளிக்கும். அந்த வியப்பை உலோகக் குண்டினால் தர இயலாது. தலைமையாசிரியரை ஊஞ்சலில் அமர்த்தினால் தர இயலும்.

‘உந்து’ என்ற வினையடியும் நோக்கத்தக்கது. இயற்பியலில் நிறையும் திசைவேகமும் பெருகிய அளவுக்கு ‘உந்தம்’ என்ற கலைச்சொல் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வழங்குகின்றது. ஊஞ்சலில் நின்றவாறு ஆடும் சிறுமி, உச்சியில் முழங்காலை மடக்கித் தாழ்ந்தும் அடித்தளத்தைக் கடக்கையில் நிமிர்ந்தும் வீச்சைப் பெருக்குகின்றாள். இதனை அவள் ‘உந்தி ஆடுதல்’ என்பாள். பிறர் தள்ளினால் ‘ஆட்டிவிடுதல்’ என்பாள். ஆடுதல், ஆட்டுதல் என்ற இணையில் ஆற்றல் எங்கிருந்து வருகின்றது என்ற செய்தி முன்னரே பொதிந்துள்ளது. இக்கட்டுரையின் மையக் கருத்து இவ்விணையிலிருந்தே தொடங்குகின்றது.

விலகு – விலக்கு

ஆடு–ஆட்டு, உருள்–உருட்டு, சுழல்–சுழற்று, திருந்து–திருத்து என்பன தன்வினை, பிறவினை இணைகள். செய்பவர் தாமே இயங்குவது ஒன்று. பிறிதொன்றை இயங்கச் செய்வது மற்றொன்று. விலகு–விலக்கு என்பதும் இவ்வகையினது. ‘கூட்டம் விலகியது’ என்பதும் ‘காவலர் கூட்டத்தை விலக்கினார்’ என்பதும் தமிழறிந்த எக்குழந்தைக்கும் வேறுவேறானவை.

‘மையவிலக்கு விசை’ என்ற தொடரில் உள்ளது பிறவினை. மையத்திலிருந்து ஒன்றை ஏதோ ஒன்று விலக்குகின்றது என்பதே அதன் நேர்பொருள். விலக்குபவர் யார் என்ற வினா உடனே எழும். மையமே விலக்குகின்றது என்றும் குழந்தை எண்ணக்கூடும். தரையில் நின்று காண்பவர் நோக்கில் அப்படி விலக்குவது எதுவுமில்லை. குடை இராட்டினத்தில் தொங்கும் நாற்காலியைச் சங்கிலி உள்நோக்கி இழுக்கின்றது, புவி கீழ்நோக்கி இழுக்கின்றது, அவ்வளவே. நேராகச் செல்லவேண்டிய குழந்தையைச் சங்கிலி கணந்தோறும் வளைத்துக்கொண்டே இருக்கின்றது. உடனிருந்து சுழல்பவருக்கு மட்டுமே வெளிநோக்கிய விசை ஒன்று இருப்பதுபோல் கணக்கிடவேண்டிய தேவை எழுகின்றது.

சொல் பிறந்த வரலாற்றைக் காண்பது இங்கே பயன் தரும். டச்சு அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ் 1659-இல் இவ்விசையை ஆராய்ந்து ‘விஸ் சென்ட்ரிஃபூகா’ என்று பெயரிட்டார். 1673-இல் அவர் வெளியிட்ட ஊசல் கடிகாரம் பற்றிய நூலின் இறுதியில் இது குறித்த தேற்றங்கள் இடம்பெற்றன. ஊசலும் சுழற்சியும் ஒரே நூலில் பிணைந்தன. 1687-இல் நியூட்டன் தம் பிரின்சிபியாவில் அதற்கு எதிரிணையாக ‘சென்ட்ரிபீட்டா’ என்ற சொல்லை வழங்கினார். இலத்தீனில் ‘ஃபூகெரே’ என்றால் ஓடிப்போதல். ‘பெட்டெரே’ என்றால் நாடுதல். ஓடுதல் தன்வினை. மையத்தை விட்டு ஓடுவது என்பதே மூலச்சொல்லின் கருத்து. தமிழாக்கத்தில் அது மையத்திலிருந்து துரத்துவது என்றாகிவிட்டது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். வல்லினம் இரட்டித்தல் பிறவினைக்கு மட்டும் உரியதன்று; ஆடு என்பது ஆட்டம் எனவும், ஓடு என்பது ஓட்டம் எனவும், இயங்கு என்பது இயக்கம் எனவும் தொழிற்பெயராகும்போதும் இரட்டிக்கின்றது; அவ்வாறே விலகு என்பதிலிருந்து விலக்கு பிறந்தது எனலாம் என்பது அம்மறுப்பு. வடிவ அளவில் இது பொருட்படுத்தத்தக்கதே. ஆனால் வழக்கு இதற்கு இடந்தரவில்லை. மதுவிலக்கு என்பதில் மது தானாக விலகிச் செல்வதில்லை, அரசு விலக்குகின்றது. வரிவிலக்கும் அத்தகையதே. பேச்சிலும் எழுத்திலும் ‘விலக்கு’ என்ற பெயர்ச்சொல்லின் பின்னே விலக்கும் ஒரு கை நிற்கின்றது. பாடநூலைப் படிக்கும் மாணவர் அக்கையைத் தேடுவது இயல்பே.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல் மரபில் ‘மையநாட்ட விசை’, ‘மையநீக்க விசை’ என்ற சொற்கள் வழங்குகின்றன. முடுக்கத்தை ஆர்முடுகல் என்றும் நிலைமத்தைச் சடத்துவம் என்றும் கூறும் அம்மரபைத் தமிழ்நாட்டார் கடினமானது என்று ஒதுக்குவதுண்டு. ஆனால் இவ்விரு சொற்களிலும் அது கூர்மையானது. நாட்டம் என்பது நாடுதலின் பெயர். இலத்தீன் மூலத்திற்கு ‘நோக்கு’ என்பதைவிட நெருக்கமானது. நீக்கம் என்பது நீக்கு என்ற பிறவினைக்கும் நீங்கு என்ற தன்வினைக்கும் பொதுவாக நிற்கக்கூடியது. ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களுள் நன்னூல் கூறும் ‘நீங்கல்’ என்பதைப் பள்ளி இலக்கணங்கள் ‘நீக்கப்பொருள்’ என்றே குறிக்கின்றன. மலையினின்று அருவி வீழும்போது மலை அருவியைத் துரத்துவதில்லை, அருவி நீங்குகின்றது. எனவே ‘மையநீக்கம்’ என்ற சொல்லைத் தன்வினையாகவும் வாசிக்கும் வாயிலை இலக்கணக் கல்வியே திறந்து வைத்துள்ளது. ‘மையவிலக்கு’ என்பதில் அவ்வாயில் அடைபட்டுள்ளது.

எத்தனையோ கலைச்சொற்கள் இடுகுறியாகவே நிலைபெற்றுவிட்டன. இதனை மட்டும் பெரிதுபடுத்துவது ஏன் என்று கேட்கலாம். விடை பாடத்திட்ட அமைப்பில் உள்ளது. தமிழ்நாட்டுப் பாடநூலில் 9-ஆம் வகுப்பு இயக்கம் பற்றிய பாடத்திலேயே மையநோக்கு விசையும் மையவிலக்கு விசையும் அடுத்தடுத்து அறிமுகமாகின்றன. சுழலும் குறிப்பாயத்திலிருந்து காண்பவருக்கே மையவிலக்கு விசை தோன்றுகின்றது, அது ‘போலி விசை’ என்ற விளக்கம் 11-ஆம் வகுப்பு இயற்பியலில்தான் விரிவாக வருகின்றது. 10-ஆம் வகுப்போடு அறிவியலை விட்டுச் செல்பவர், வணிகவியலோ தொழிற்கல்வியோ பயிலச் செல்பவர் ஆகியோர் முதற்பாதியை மட்டுமே பெற்றுச் செல்கின்றனர். கடலூர் மாவட்டத்துத் தமிழ்வழி அரசுப் பள்ளியில் படித்துப் பின்னாளில் அண்ணாமலைநகரில் ஆங்கிலத்தில் இயற்பியல் பயிலும் மாணவர், முன்பு கற்றதை அழித்து எழுத வேண்டியவராகின்றார். இடையில் அவர் இழப்பது ஒரு சொல்லின் பொருளை மட்டுமன்று. தமிழில் கற்ற அறிவியல் துல்லியமானது என்ற நம்பிக்கையையும்தான். ஒரு சொல்லின் வடிவத்தில் நேர்ந்த பிழை மொழியின் தகுதிக் குறைவாக அவருக்குத் தோன்றிவிடுகின்றது.

தேர்வீதியின் திருப்பம்

நேராகச் செல்வதே பொருளின் இயல்பு, திரும்புவதற்கே விசை வேண்டும் என்பதுதான் இராட்டின இயற்பியலின் அடிப்படை. இதனை உணர்த்தச் சிதம்பரத்தில் ஆய்வகம் தேவையில்லை. ஆண்டுக்கு இருமுறை நடராசர், சிவகாமியம்மை, விநாயகர், முருகன், சண்டிகேசுவரர் ஆகியோரின் ஐந்து தேர்கள் நான்கு தேர்வீதிகளிலும் வலம் வருகின்றன. வடம் பிடிப்போர் இழுக்கும் திசையில் தேர் செல்லும். வீதி மூலையில் அதனைத் திருப்புவது தனிக்கலை. சக்கரத்தின்கீழ் முட்டுக்கட்டை இடுவோர் ஒரு பக்கத்தில் உராய்வைக் கூட்டித் தேரின் முகத்தைச் சிறிது சிறிதாகத் திருப்புகின்றனர். திருப்பும் விசை எங்கிருந்து வருகின்றது என்பதை இங்கே கண்ணால் காணலாம், கட்டை நசுங்கும் ஒலியைக் காதாலும் கேட்கலாம். பாடநூல் ‘மையநோக்கு விசை’ என்று தனியொரு விசையைப் போலப் பெயரிட்டுச் சொல்வது, உண்மையில் உராய்வோ இழுவிசையோ தாங்குவிசையோ ஏற்கும் ஒரு பொறுப்பின் பெயர் என்பதைத் தேரின் திருப்பம்போல் விளக்கும் எடுத்துக்காட்டு அரிது.

இத்தகைய வாய்ப்பு உள்ள ஊரில் இயற்பியல் என்றவுடன் பேசப்படுவது வேறொன்று. ஃபிரிட்ஜாஃப் காப்ராவின் ‘தி டாவோ ஆஃப் பிசிக்ஸ்’ 1975-இல் வெளிவந்ததிலிருந்தும், ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் இந்தியா அளித்த நடராசர் திருவுருவம் 2004-இல் நிறுவப்பட்டதிலிருந்தும் ஆனந்த நடனமும் அணுத்துகளும் இணைத்துப் பேசப்படுகின்றன. உருவகம் என்ற அளவில் அதற்கு அழகுண்டு. ஆனால் ஏழாம் வகுப்பு மாணவருக்கு அதிலிருந்து அளந்தறியத்தக்கது எதுவுமில்லை. கூத்தனின் தேர்ச்சக்கரத்தின்கீழ் இடப்படும் கட்டையில் உண்டு.

எடை மாறும் அனுபவம்

இராட்சத இராட்டினமும் ‘கொலம்பஸும்’ வட்ட இயக்கத்தைச் செங்குத்துத் தளத்திற்குக் கொண்டுவருகின்றன. 8 மீட்டர் ஆரமுள்ள இராட்டினம் 16 நொடிக்கு ஒருமுறை சுற்றுவதாகக் கொண்டால், 30 கிலோ நிறையுள்ள குழந்தையை இருக்கை உச்சியில் 26 கிலோவைத் தாங்குவதுபோலவும் அடியில் 34 கிலோவைத் தாங்குவதுபோலவும் தாங்கும். வேறுபாடு சிறிது; அதனால்தான் பாட்டிமாரும் அதில் துணிந்து ஏறுகின்றனர். கப்பல் ஊஞ்சலின் கணக்கு வேறு. நிலைக்குத்துக் கோட்டிலிருந்து 60 பாகை உயரம் சென்று இறங்கினால், அடித்தளத்தைக் கடக்கும்போது உணரப்படும் எடை இருமடங்காகும். 90 பாகை சென்றால் மும்மடங்காகும். கப்பல் பெரிதா சிறிதா என்பது இக்கணக்கில் இடம்பெறாது. கோணமே முடிவு செய்கின்றது. தெருமுனை ஊஞ்சலில் அதே கோணத்தில் ஆடுபவரும் அதே பெருக்கத்தையே உணர்வார். திடலில் கட்டணம் கொடுத்து ஏற வசதியற்ற குழந்தைக்கும் இப்பாடம் மறுக்கப்படவில்லை என்பதால் இது கற்பித்தலில் முதன்மையானது.

பாடநூல்கள் செங்குத்து வட்ட இயக்கத்தை நீர் நிறைந்த வாளியைக் கொண்டு மேல்நிலை வகுப்பில் விளக்குகின்றன. வாளியைச் சுழற்றுபவர் வெளியே நிற்கின்றார். எடை மாற்றத்தை அவர் உணர்வதில்லை, காண்கின்றார். குழந்தையோ வாளிக்குள் இருந்து பழகியது.

சிறார் அறிவியல் எழுத்தின் முன்மாதிரிகள்

அனுபவிப்பவரின் இடத்திலிருந்து தொடங்கும் எழுத்து தமிழுக்குப் புதிதன்று. ரஷ்ய மொழியில் 1913-இல் முதலில் வெளிவந்த யாகவ் பெரெல்மானின் நூல் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ என்ற பெயரில் சோவியத் பதிப்பகத்தின் வழியாகத் தமிழுக்கு வந்து ஒரு தலைமுறை ஆசிரியர்களின் கையில் புழங்கியது. சுழலும் வட்டுமேடையில் அமர்ந்தோர் சறுக்கி விழுவதையும், மாய ஊஞ்சல் என்ற கேளிக்கையையும் பெரெல்மான் எடுத்தாள்கின்றார். மாய ஊஞ்சலில் அமர்ந்தவர் தாம் தலைகீழாகச் சுற்றுவதாக அலறுகின்றார்; உண்மையில் சுற்றுவது அவரைச் சூழ்ந்த அறை. குறிப்பாயம் என்ற சொல்லைச் சொல்லாமலேயே குறிப்பாயத்தைக் கற்பிக்கும் பகுதி அது. வாசகரின் மயக்கத்தை முதலில் மதித்து, பின்னர் அதனை அவிழ்ப்பது அவர் முறை. பெ.நா. அப்புஸ்வாமி (1891–1986) முதலியோர் எளிய தமிழில் எழுதிய நூல்களும், 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வெளியிட்டுவரும் ‘துளிர்’ இதழும் இத்திசையில் குறிப்பிடத்தக்கவை. பாடநூல் மொழி இவற்றிலிருந்து பெற்றுக்கொண்டது குறைவு. துல்லியம் வேண்டும் என்ற நல்ல நோக்கமே அதன் காரணம் எனலாம். ஆயினும் வரையறையை முன்வைத்து அனுபவத்தைப் பின்தள்ளும் பாடம், மேலே கண்டவாறு, துல்லியத்தையும் காக்கவில்லை.

வகுப்பறைக்கு உரிய மாற்று

6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான அரசுப்பள்ளி மாணவர்க்குச் செய்முறை வழியே அறிவியல் கற்பிக்க 2022-இல் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் போன்ற திட்டங்களில் இதனைச் சோதிக்கலாம். மையவிலக்கு என்ற சொல்லை 9-ஆம் வகுப்பில் உடனே மாற்ற இயலாது. தேர்வுத்தாளும் வினாவங்கியும் அதனைச் சுற்றியே அமைந்துள்ளன. மாற்ற இயல்வது அச்சொல் வருமுன் நிகழும் உரையாடல். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்து இடப்புறம் திரும்பும்போது பயணியர் வலப்புறம் சாய்கின்றனர். ‘யார் தள்ளினார்?’ என்று ஆசிரியர் கேட்கட்டும். சாலையோரம் நிற்பவர் காண்பது யாது, பேருந்தினுள் இருப்பவர் உணர்வது யாது என இரு விடைகளையும் எழுதவைக்கட்டும். ‘விலகினேன்’, ‘விலக்கினார்’ என்ற இரண்டில் எது எவருடைய வாக்கியம் என்பதை அன்றைய இலக்கண வகுப்பே முடிவு செய்யலாம். தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் ஒரே கரும்பலகையைப் பகிர்ந்துகொள்ளும் அரிய பாடமாக அது அமையும்.

அதன்பின் இரு செய்முறைகள். முதலாவதற்குக் குடை இராட்டினத்தைத் தரையில் நின்று பார்ப்பதே போதும். அது சுழலும்போது குழந்தை அமர்ந்த நாற்காலியும் வெற்று நாற்காலியும் ஏறத்தாழ ஒரே சாய்வில் தொங்கும். நிறைக்கு அக்கோணத்தில் பங்கில்லை. மாணவர் பெரும்பாலோர் வெற்று நாற்காலி மிகுதியாகப் பறக்கும் என்றே ஊகிப்பர். இரண்டாவதற்குப் பள்ளி ஊஞ்சலும் பாதி நீர் நிரம்பிய புட்டியும் வேண்டும். புட்டியைப் பலகையோடு நிமிர்த்திக் கட்டி ஊஞ்சலை ஆட்டிவிட வேண்டும். பலகை சாயும்போது நீர்மட்டம் தரைக்கு இணையாக நிற்கும் என்பதே எல்லாருடைய எதிர்பார்ப்பும். அது பலகைக்கு இணையாகவே நிற்கும். பலகையில் அமர்ந்த குழந்தை உச்சியிலும் முன்னால் சரிந்து விழாதது ஏன் என்ற வினாவை அப்போது ஆசிரியர் எழுப்ப வேண்டியதில்லை. வரிசையில் நிற்கும் மாணவருள் ஒருவர் கேட்டுவிடுவார்.